ஊசியிலை மயக்கமும் பட்டை தின்னும் அந்துப்பூச்சியும்: கந்தர்வக்கோட்டை மரத் தோப்புகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஊசியிலை மரங்களை உண்டு வாழும் இரவுநேர அந்துப்பூச்சிப் பேரினங்கள் காட்டுப்பூச்சியியலில் விரிவாக ஆராயப்பட்டவை. புதுக்கோட்டை மாவட்டச் சமவெளியில் ஊசியிலைக் காடுகள் இல்லை. ஆயினும் தோற்றத்தால் ஊசியிலை மரத்தை ஒத்த சவுக்கு அங்குப் பயிராகிறது. சவுக்கைத் தாக்கும் இண்டர்பெலா என்னும் அந்துப்பூச்சிப் பேரினத்தின் புழு, பைன் மரப் புழுக்களைப் போல இலையை உண்பதன்று, பட்டையை உண்பது. முந்திரியும் பலாவும் முருங்கையும் அதற்கு உணவே. இவ்வேறுபாட்டை அறியாது மேற்கொள்ளப்படும் பூச்சிக் கட்டுப்பாடு பயன் தராது. பலவகை மரங்கள் அடுத்தடுத்து வளரும் கந்தர்வக்கோட்டை போன்ற பகுதியில், பயிர்வாரியாக அன்றித் தோப்பு முழுவதையும் ஒன்றாகக் கொண்டு இப்பூச்சியை அணுக வேண்டியதன் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சவுக்கு, ஊசியிலை மரம், இண்டர்பெலா, பட்டை தின்னும் புழு, முந்திரி, கந்தர்வக்கோட்டை

முன்னுரை

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், காவிரிப் பாசன வயல்களின் பசுமை பின்தங்கிச் செம்மண் மேட்டுநிலம் தொடங்கும் பகுதியில் கந்தர்வக்கோட்டை அமைந்துள்ளது. இந்நிலத்தின் வேளாண்மை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையும் ஏரி, குளங்களையும் ஆழ்துளைக் கிணறுகளையும் சார்ந்தது. நீர் குறைந்த, சரளை மிகுந்த செம்மண்ணில் மரப்பயிர்கள் இடம்பிடித்தமை இயல்பே. முந்திரித் தோப்புகளும் தைலமரக் காடுகளும் சவுக்குத் தோப்புகளும் வட்டாரத்தின் காட்சியாகவே ஆகிவிட்டன. அதே சாலையில் சற்றுத் தெற்கே உள்ள ஆதனக்கோட்டை, சாலையோரத்தில் முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்து விற்கும் தொழிலால் பெயர்பெற்றது. ஆலங்குடி, வடகாடு பகுதிகள் பலாவுக்குப் பெயர்பெற்றவை.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இம்மர வேளாண்மையைப் பெரிதும் சிதைத்தது. பல்லாண்டு வயதுடைய முந்திரியும் பலாவும் தென்னையும் ஓர் இரவில் சாய்ந்தன. முந்திரி மீண்டும் நிறைந்த பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். சவுக்கு நட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். எனவே விரைந்து வருவாய் வேண்டும் உழவர்க்குச் சவுக்கு ஒரு மாற்றாகத் தோன்றுகிறது. கட்டுமானச் சாரக் கழியாகவும் பந்தல் காலாகவும் எரிபொருளாகவும் அது விற்பனையாவதுடன், கரூர் மாவட்டம் புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை போன்றவற்றுக்குக் கூழ்மரமாகவும் செல்கிறது.

இக்குறுகிய காலப் பயிரில் ஏற்படும் சேதத்தை ஈடுசெய்ய அடுத்த ஆண்டு என ஒன்றில்லை. முந்திரியில் ஓராண்டு விளைச்சல் குறைந்தாலும் மறு ஆண்டு மரம் காய்க்கும். சவுக்கிலோ மரத்தின் உடலே விளைச்சல். கணுவில் துளைபட்டுக் காற்றுக்கு ஒடியும் கழி சாரத்திற்கு ஆகாது. விறகு விலைக்கே போகும். இந்நிலையில் சவுக்கைத் தாக்கும் பூச்சி எது, அது எதை உண்கிறது, எப்போது உண்கிறது என்னும் வினாக்கள் உழவரின் வருவாயைத் தொடுவன.

‘ஊசியிலை’ என்னும் சொல்

காட்டுப்பூச்சியியலின் செவ்வியல் ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளில் பிறந்தவை. பைன், லார்ச், ஃபிர், தேவதாரு ஆகியவற்றை உண்ணும் அந்துப்பூச்சிகளைப் பற்றிய அறிவே பாடநூல்களை நிரப்பியுள்ளது. அவ்வறிவைத் தமிழகச் சமவெளிக்குக் கொண்டுவர முயல்வோர் முதலில் ஒரு சொற்சிக்கலைக் கடக்க வேண்டியுள்ளது.

தமிழில் ‘ஊசியிலை மரம்’ எனப்படுவது, ஐரோப்பிய மொழிகளில் ‘கூம்பு தாங்குவது’ எனப் பொருள்படும் சொல்லால் வழங்கப்படுகிறது. ஒன்று இலையால் பெயரிடுகிறது. மற்றொன்று காயால் பெயரிடுகிறது. இரண்டு அளவுகோல்களையும் சவுக்கு ஏமாற்றிவிடும். அதன் பசுங்கிளைகள் ஊசி போன்றவை. அதன் காய்க்கொத்து சிறு கூம்பு போன்றது. இந்தியில் இம்மரத்திற்கு வழங்கும் ‘ஜங்லி சரு’ என்னும் பெயர் காட்டுச் சைப்ரஸ் எனப் பொருள்படும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதனை ‘ஆஸ்திரேலியப் பைன்’ என்றே அழைக்கின்றனர்.

தாவரவியல் நோக்கில் சவுக்கு பூக்கும் தாவரம். கேசுவரினேசி குடும்பத்தைச் சேர்ந்தது; ஃபேகேலிஸ் வரிசையில் ஓக் மரங்களோடு வைத்தெண்ணப்படுவது. ஊசி எனத் தோன்றுவது இலையன்று. ஒளிச்சேர்க்கை செய்யும் மெல்லிய பசுங்கிளை. அதனைக் கையில் எடுத்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்றுவரும். ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக அமைந்த நுண்ணிய பற்கள் போன்ற செதில்களே உண்மையான இலைகள். தமிழகத்தில் நெடுங்காலமாகப் பயிராகும் கேசுவரினா ஈக்விசெட்டிஃபோலியாவில் இவை பொதுவாக 6 முதல் 8 வரை இருக்கும். கூம்பு எனத் தோன்றுவது பெண் பூங்கொத்திலிருந்து உருவான காய்த்திரள். அதன் வாய்கள் திறக்கும்போது சிறகுள்ள சிறு கனிகள் வெளிப்படுகின்றன. வேரில் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிரியைத் தாங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் திறனும் இதற்கு உண்டு. வளமற்ற மணலிலும் சரளையிலும் இம்மரம் ஊன்றி நிற்பதற்கு அத்திறன் ஒரு காரணம்.

இச்சொல் மயக்கம் எதிர்த்திசையிலும் செயல்படுகிறது. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் ஊசியிலை வகுப்பு மரம் நகேயா வாலிச்சியானா ஒன்றே. முன்னர்ப் போடோகார்பஸ் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இம்மரத்தின் இலைகள் அகன்றவை. ஊசி வடிவம் சற்றும் இல்லாதவை. ஆக, தமிழக மலைகளின் இயல்பான ஊசியிலை மரத்திற்கு ஊசியிலை இல்லை. ஊசியிலை உடையதாகத் தோன்றும் சமவெளி மரம் ஊசியிலை மரம் அன்று. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் காணப்படும் பைன்கள் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து நடப்பட்டவை. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் ‘ஊசியிலை’ என்பதை வகைப்பாட்டுப் பெயராகக் கொள்வதா, தோற்றப் பெயராக மட்டும் கொள்வதா என்பதைத் தெளிவுபடுத்துவது நன்று.

மனிதரின் கண்ணை ஏமாற்றும் இவ்வொப்புமை அந்துப்பூச்சியை ஏமாற்றுவதில்லை. முட்டையிட வரும் பெண்பூச்சிக்கு மரத்தின் வடிவத்தைக் காட்டிலும் அதன் மணமும் வேதியியலும் முதன்மையானவை. ஊசியிலை மரங்களின் பிசினில் உள்ள டெர்பீன் சேர்மங்கள் பெரும்பாலான பூச்சிகளுக்குத் தடை; அவற்றைத் தாங்கப் பழகிய சிலவற்றுக்கோ அவையே உணவு இருக்கும் இடத்தைக் காட்டும் குறி. சவுக்கில் அத்தகைய பிசின் அமைப்பு இல்லை.

பைன் தின்னும் பேரினங்கள்

ஒப்பீட்டிற்காக மூன்று பேரினங்களை இங்குச் சுருக்கமாக நோக்கலாம்.

டெண்ட்ரோலிமஸ் பேரினத்தின் புழுக்கள் ஐரோப்பா முதல் சீனம் வரை பைன், லார்ச், ஃபிர் மரங்களின் ஊசியிலைகளை உண்பவை. தென்சீனப் பைன் காடுகளில் டெண்ட்ரோலிமஸ் பங்க்டேட்டஸும் சைபீரியாவில் டெண்ட்ரோலிமஸ் சைபிரிக்கஸும் பெருக்கமுறும் ஆண்டுகளில் பரந்த காட்டுப் பரப்பு இலையின்றி நிற்கும்.

பனோலிஸ் பேரினத்தைச் சேர்ந்த பனோலிஸ் ஃபிளேமியா தரும் பாடம் சற்று வேறானது. பிரிட்டனில் இது தொன்றுதொட்டு ஸ்காட்ஸ் பைனில் பெருந்தீங்கின்றி வாழ்ந்துவந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஆழ்ந்த கரிச்சேற்று நிலங்களில் வட அமெரிக்க லாட்ஜ்போல் பைன் பரவலாக நடப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் அத்தோப்புகளில் இப்பூச்சி பெருகி மரங்களைக் கொன்றது. வானூர்தி மூலம் மருந்து தெளிக்க நேர்ந்தது. எந்த மரத்தில் முட்டையிடுவது என்பதில் பெண்பூச்சியின் தெரிவு, ஊசியிலையிலுள்ள டெர்பீன்களின் விகிதத்தோடு தொடர்புடையது எனப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. மண்ணுக்கு ஒவ்வாத மரத்தை ஒரே இனமாகப் பரப்பும்போது பழைய பூச்சி புதிய பகையாகலாம் என்பதற்கு இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு.

மத்தியதரைக்கடல் நாடுகளின் தாமெட்டோபியா பிட்டியோகேம்பா இக்கட்டுரைக்கு மிக நெருங்கியது. அதன் புழுக்கள் பைன் கிளைகளில் வெண்பட்டிழையால் கூடு பின்னி, குளிர்காலத்தில் பகலெல்லாம் அதனுள் தங்கி, இரவில் வெளிவந்து ஊசியிலைகளை உண்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிட்டுச் செல்வதால் ஊர்வலப் புழு எனப் பெயர்பெற்றவை. பட்டிழை, பகலில் மறைவு, இரவில் உணவு என்னும் மூன்றும் இண்டர்பெலாவிடத்தும் உண்டு. உண்ணும் பொருள் மட்டுமே வேறு. அந்த ஒரு வேறுபாடே கட்டுப்பாட்டு முறை முழுவதையும் மாற்றிவிடுகிறது.

இந்தியாவில் மேற்கு இமயத்தின் தேவதாருக் காடுகளை இலையிழக்கச் செய்யும் எக்ட்ரோபிஸ் தேவதாரே என்னும் அந்துப்பூச்சியும் இலையுண்ணியே. மேற்கண்டவை அனைத்திலும் புழு வாழுமிடம் மரத்தின் பசுந்தலை. ஆகவே தலைக்கு மேலிருந்து தெளிக்கப்படும் மருந்தோ பாக்டீரியாவோ வைரஸோ புழுவின் வாயைச் சென்றடைகிறது.

இண்டர்பெலா: பெயரும் இடமும்

இப்பேரினத்திற்கு ஃபிரெடெரிக் மூர் 1879-இல் இட்ட பெயர் ஆர்பெலா என்பது. அப்பெயர் வேறொரு பூச்சிப் பேரினத்திற்கு முன்பே சூட்டப்பட்டிருந்ததால் விலங்கியல் பெயரீட்டு நெறிப்படி அது செல்லாததாயிற்று. 1922-இல் டி. பெயின்பிரிக் ஃபிளெச்சர் இண்டர்பெலா என மாற்றுப்பெயர் தந்தார். இவர் சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராகப் பணியாற்றி, 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகள் குறித்த புகழ்பெற்ற நூலை வெளியிட்டவர். பின்னர்ப் பீகாரின் பூசாவில் பேரரசுப் பூச்சியியலாளராக விளங்கியவர். தமிழகத்தின் வயல்களையும் தோட்டங்களையும் நேரில் அறிந்த ஒருவரின் கையால் இப்பேரினம் இன்றைய பெயரைப் பெற்றது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மெட்டார்பெலிடே குடும்பத்தில் வைக்கப்படும் இப்பேரினத்தைச் சிலர் மரத்துளைப்பான் குடும்பமான காசிடேயின் உட்பிரிவாகவும் கொள்வர். தென்னாட்டில் வேளாண் நூல்கள் பெரிதும் குறிப்பிடும் இனங்கள் இரண்டு: இண்டர்பெலா குவாட்ரினொட்டேட்டா, இண்டர்பெலா டெட்ரேயோனிஸ். பழத்தோட்டப் பூச்சிப் பட்டியல்களில் முன்னதும் முந்திரிப் பூச்சிப் பட்டியல்களில் பின்னதும் மிகுதியாகக் காணப்படுகின்றன. உழவர் வழக்கில் இரண்டும் ‘பட்டை தின்னும் புழு’ என்றே அமையும். இவற்றின் வாழ்முறை ஒத்ததாதலால் நடைமுறையில் அப்பொதுப்பெயர் இடையூறு செய்வதில்லை.

மா, பலா, கொய்யா, எலுமிச்சை வகை, இலந்தை, நாவல், நெல்லி, மாதுளை, முருங்கை, இலவம், கருவேல், முந்திரி, சவுக்கு எனத் தாவரவியல் உறவே இல்லாத பல குடும்ப மரங்கள் இப்பேரினத்தின் ஓம்புயிரிகளாகப் பதிவாகியுள்ளன. பனோலிஸ் பைனுக்குக் கட்டுப்பட்டது. இண்டர்பெலா எந்த ஒரு மரத்திற்கும் கட்டுப்பட்டதன்று.

ஓராண்டுச் சுழற்சி

அந்துப்பூச்சி வெளிர்ப் பழுப்பு நிறமும் முன்சிறகில் அடர்ந்த புள்ளிகளும் உடையது; பகலில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோடையில், ஏறத்தாழ ஏப்ரல் முதல் சூன் வரையில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவருகிறது. உறிஞ்சுகுழல் குறுகிப் பயனற்றுப் போனதால் வளர்ந்த பூச்சி உணவு கொள்வதில்லை. சில நாள்களே வாழ்ந்து இணைசேர்ந்து முட்டையிட்டு மடிகிறது. பெண்பூச்சி பட்டை வெடிப்புகளிலும் தளர்ந்த பட்டைக்கு அடியிலும் 15 முதல் 25 வரையான முட்டைகளைத் தொகுதியாக இடுகிறது. 8 முதல் 10 நாள்களில் அவை பொரிக்கின்றன.

வெளிவரும் இளம்புழு முதலில் பட்டையைச் சுரண்டியுண்டு, பிறகு கிளையும் தண்டும் கூடும் கவைப்பகுதியில் மரத்தினுள் துளையிடுகிறது. இத்துளை ஒரு சாணுக்குள் அடங்கும் குறுகிய சுரங்கம். இது புழுவின் உறைவிடமே தவிர உணவறை அன்று என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும். மரத்தின் கட்டைப்பகுதியை உண்டு வாழும் சிவப்புக் காபித் துளைப்பான் போன்ற பூச்சிகளோடு இதனைக் குழப்பிக்கொள்வது எளிது. இண்டர்பெலாவின் புழு கட்டையைக் குடைவது ஒளிந்துகொள்வதற்கே. உண்பதற்கு அது வெளியே வந்தாக வேண்டும்.

வெளியே வரும் வழியை அது திறந்த வெளியாக விடுவதில்லை. துளை வாயிலிருந்து பட்டையின் மேல் பட்டிழையால் ஒரு கூரை நெய்து, அதில் தன் எச்சத்தையும் மென்ற பட்டைத் துகளையும் பதித்து மூடுகிறது. இரவில் இம்மூடுபாதையின் அடியிலேயே ஊர்ந்து சென்று, புதிய பட்டையைச் சுரண்டியுண்டு, விடியுமுன் துளைக்குத் திரும்புகிறது. உணவெல்லை விரியும்போது பாதையும் நீள்கிறது. பழுப்பு நாடாவைத் தண்டில் சுற்றியதுபோல வளைந்து நெளிந்து தோன்றும் இப்பாதையே உழவர் பகலில் காணும் ஒரே தடயம். பொதுவாக ஒரு துளைக்கு ஒரு புழு.

இப்புழுப்பருவம் 9 முதல் 11 மாதங்கள் நீடிக்கிறது. பூச்சியின் வாழ்நாளில் இதுவே பெரும்பகுதி. பின்னர்த் துளையினுள்ளேயே கூட்டுப்புழுவாகி, மூன்று நான்கு வாரங்களில் அந்துப்பூச்சியாக வெளிப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்பதால் இப்பூச்சி திடீரெனப் பெருகித் தோப்பை அழிப்பதில்லை. டெண்ட்ரோலிமஸ் போலச் செய்தித்தாளில் இடம்பிடிக்கும் பெருக்கமும் இதற்கில்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கூடும் கடன் போன்றது இதன் தாக்குதல். நான்காண்டுச் சவுக்கு, நடவு முதல் வெட்டு வரை மூன்று நான்கு தலைமுறைகளைக் காண நேரும்.

உள்பட்டையில் உள்ள உரியத் திசுவே இலையில் உருவான உணவை வேருக்குக் கொண்டு செல்வது. புழு மேலோட்டமாகச் சுரண்டினால் மரம் அப்புண்ணை ஆற்றிக்கொள்ளும். தண்டைச் சுற்றி வளையமாக உண்டுவிட்டால் உணவோட்டம் அறுபட்டு மேற்பகுதி வாடும். மெல்லிய தண்டுடைய இளமரங்களுக்கே இவ்விடர் மிகுதி. வளர்ந்த மரத்தில் கவைத்துளை காற்றின் விசைக்கு முறிவிடமாகிறது. புயல் வழியில் அமைந்த மாவட்டத்தில் இதனைச் சிறு குறையாகக் கொள்ளவியலாது.

மூன்று தடயங்கள், மூன்று காரணங்கள்

தண்டின் மீது காணப்படும் எல்லா மேற்பூச்சும் இப்புழுவின் வேலை அன்று. செம்மண் நிலத்தில் கரையான் மிகுதி. கரையான் எழுப்பும் மண்பூச்சு நிலத்திலிருந்து தொடங்கி மேலேறும். விரலால் தேய்த்தால் மண்ணாக உதிரும். பெரும்பாலும் இறந்த வெளிப்பட்டையையே அது மூடுகிறது. இண்டர்பெலாவின் நாடா கவையிலிருந்து தொடங்கும். உரித்தால் இழையோடு கந்தல் துணிபோலப் பிரிந்துவரும். அடியில் பட்டை பச்சையாகச் சுரண்டப்பட்டிருக்கும். கரையானுக்கென வேரடியில் இடும் மருந்து கவையில் வாழும் புழுவை எட்டாது.

சவுக்கில் பட்டை வெடிப்பு மற்றொரு காரணத்தாலும் நேரும். பட்டைக் கொப்புள நோய் எனப்படும் பூஞ்சைத் தாக்குதலில் பட்டை கொப்புளித்து வெடித்து, கரிய தூள் போன்ற வித்துகள் வெளிப்படும். நெடுங்காலம் டிரைக்கோஸ்போரியம் வெசிகுலோசம் என அறியப்பட்ட இப்பூஞ்சை, சென்னையைச் சேர்ந்த பூஞ்சையியலறிஞர் சி. வி. சுப்பிரமணியனின் பெயரால் சுப்பிரமணியனோஸ்போரா என இன்று வழங்குகிறது. அங்கே துளையும் இல்லை, இழையும் இல்லை. மூன்றையும் பிரித்தறியத் தேவைப்படுவது ஒரு கத்தியும் சற்றுப் பொறுமையுமே. ஆய்வுக்கூடம் தேவையில்லை.

ஒரு புழு, பல துறைகள்

கந்தர்வக்கோட்டைப் பகுதியில் ஒரு குடும்பத்தின் நிலத்திலேயே மேட்டில் முந்திரி, அடுத்த துண்டில் சவுக்கு, வீட்டுக் கொல்லையில் முருங்கையும் பலாவும் இருப்பது இயல்பு. இவற்றைப் பற்றிய அறிவுரை மட்டும் வெவ்வேறு வாயில்களிலிருந்து வருகிறது. முந்திரியும் பலாவும் முருங்கையும் தோட்டக்கலையின் பொருள். சவுக்கு வனவியலின் பொருள். சவுக்கின் மேம்பட்ட குளோன்களை உருவாக்கி வழங்குவது கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம். முந்திரிப் பரிந்துரைகள் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைப் பிரிவிலிருந்து வருபவை. ஒவ்வொரு கையேடும் தன் மரத்தைத் தாக்கும் பூச்சிகளைத் தனித்தனியே வரிசைப்படுத்துகிறது. முந்திரிக் கையேட்டில் தேயிலைக் கொசுவும் தண்டு வேர்த் துளைப்பானும் முதலிடம் பெறுவதால், பட்டை தின்னும் புழு சிறு பூச்சியாகக் கடைசி வரியில் நின்றுவிடுகிறது. முந்திரி விளைச்சலை மட்டும் கருதினால் அவ்வரிசை சரியே. பக்கத்துச் சவுக்கையும் சேர்த்துக் கருதும்போதுதான் அது போதாமற்போகிறது.

எண்ணிக்கையை நோக்கினால் இது தெளிவாகும். சவுக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் நடப்படும்போது எக்டேருக்கு 10,000 மரங்கள் அமைகின்றன. மரபான 7 மீட்டர் இடைவெளியில் முந்திரி எக்டேருக்கு ஏறத்தாழ 200 மரங்களே. 10,000 மரங்களின் கவைகளைத் தனித்தனியே பார்த்துத் துளைகளை அடைப்பது கூலிக்குக் கட்டுப்படியாகாது. 200 மரங்களில் அது இயலும்.

மேலும், சவுக்குத் தோப்பு நான்காண்டுக்கொருமுறை முற்றாக வெட்டப்படுகிறது. கழியோடு புழுவும் வெளியேறிவிடும். வெட்டப்படாமல் பல்லாண்டு நிற்கும் முந்திரியும் பலாவும் மாவுமே, வெடித்த முதிர்ந்த பட்டையோடு, இப்பூச்சியின் நிலைத்த இருப்பிடமாகத் தகுந்தவை. புதிதாக நட்ட சவுக்கின் கன்றுகள் தண்டு பருத்ததும் அவற்றை நாடி வரும் அந்துப்பூச்சி அண்டையிலுள்ள முதிர்ந்த மரங்களிலிருந்தே வரும் எனக் கருத இடமுண்டு. ஆகவே சவுக்கைக் காக்கும் வேலையைச் சவுக்குத் தோப்பின் எல்லையிலும், அதைச் சூழ்ந்த பழமரங்களிலும் தொடங்குவதே குறைந்த செலவில் கூடிய பயன் தரும். தனிப்பயிர்க் கையேடுகளில் இவ்வணுகுமுறைக்கு இடமில்லை.

கட்டுப்பாடு: எங்கே, எப்போது

பகலில் கைத்தெளிப்பானால் சவுக்கின் தலையில் மருந்து தெளிப்பது பைன் காட்டுக்கு ஏற்ற முறையை இங்குப் பின்பற்றுவதாகும். புழு தலைப்பகுதியில் இல்லை. பசுங்கிளையை அது உண்பதும் இல்லை. பகலில் துளைக்குள் இருக்கிறது. இரவில் வந்தாலும் கூரைக்கடியில் இருக்கிறது. தெளித்த மருந்து சென்றடைவது சிலந்தியையும் குளவியையும் தேனீயையும் தான். வாய்வழி உட்கொண்டால் மட்டுமே செயல்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் போன்ற உயிரிக்கொல்லியும், புழு உண்ணாத பசுங்கிளையில் படிந்திருந்தால் வீணே.

பயன் தரும் முறை பழமையானது, எளியது. நாடாவை முற்றிலும் துடைத்தெடுத்துத் துளைவாயைக் கண்டறிதல் முதற்படி. வளையும் இரும்புக் கம்பியை உட்செலுத்திப் புழுவைக் குத்திக் கொல்லலாம். மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் துளையில் திணித்து ஈரக் களிமண்ணால் அடைப்பதும் வழக்கம். நாடாவைத் துடைக்காமல் துளையைத் தேடுவோர் பழைய, வெறுமையான துளைகளில் காலம் கழிப்பர். துடைத்த மறுநாள் காலையில் மீண்டும் சென்று பார்த்தால், உயிருள்ள புழு இருக்கும் இடத்தில் மட்டும் புதிய ஈர எச்சமும் இழையும் தோன்றியிருக்கும். ஓர் இரவு காத்திருப்பது பாதி வேலையைக் குறைக்கும்.

பியூவேரியா பாசியானா என்னும் பூஞ்சை இப்புழுவை இயற்கையாகவே தாக்குவதாகப் பதிவுகள் உண்டு. துளையின் நிழலும் ஈரமும் வித்துகள் முளைக்க ஏற்றவை என்பதால், பருவமழைக் காலத்தில் துளைவாயில் நேரடியாக இடும்போது அது பயனளிக்க வாய்ப்புண்டு. இலைமேல் தெளித்தால் வெயிலில் கெடும்.

காலத்தேர்வும் பூச்சியின் நாட்காட்டியைப் பொறுத்ததே. கோடையில் இட்ட முட்டையிலிருந்து வந்த புழு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் துளையமைத்து நாடாவைக் காட்டத் தொடங்கியிருக்கும். அதுவரை உண்ட பட்டை குறைவு. அப்போது ஒருமுறையும், தப்பியவற்றுக்காக சனவரி அல்லது பிப்ரவரியில் மறுமுறையும் பார்ப்பது தகும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் இடைமாதங்களில் நாடா மழையில் கரைந்து தடயம் மங்கும். ஏப்ரலுக்குப் பின் துளையை அடைப்பது பெரும்பாலும் பூச்சி பறந்தபின் கதவடைப்பதாகவே முடியும்.

சவுக்கில் பக்கக்கிளைகளைக் கழிக்கும்போது, கிளையை இழுத்துப் பிய்க்காமல் தண்டோடு ஒட்டி நேராக வெட்டுவது தேவை. பிய்ந்த பட்டையின் அடிப்பகுதியே பெண்பூச்சி தேடும் இடுக்கு. கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் கிளைகழிப்பு பெரும்பாலும் விறகுத் தேவையையும் கூலியாள் கிடைப்பதையும் பொறுத்தே நடக்கிறது. அந்துப்பூச்சி பறக்கும் ஏப்ரல் முதல் சூன் வரையான மாதங்களைத் தவிர்த்து, குளிர்காலத்தில் கிளைகழித்தால் அப்புண்கள் பூச்சி வருமுன் உலர்ந்து மூடிக்கொள்ளும்.